கொடுவாவின் வாலடியில் உன் கையெழுத்து

மகன்,

நீ அனுப்பிய முறைப்பாட்டுக் கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை பார்த்து அடுத்த நாளே திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். அந்த அடுத்த நாள் போய் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. நீ போன் எடுத்தபோதெல்லாம் அப்பாவைக் கொண்டு "அம்மா குளிக்கிறா" என்று சொல்ல வைத்தேன். கடைசி முறை சொல்லிவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இந்தக் கிழமை நான் குளித்த குளியலுக்குக் கிணறு வற்றியிருக்க வேண்டும் என்றார். ஒளிந்துகொண்டேன் என்பது உண்மைதான். போனில் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் நீ குறுக்கே விழுவாய், எனக்குக் கோபம் வரும், பிறகு இரண்டு பேரும் என்ன கறி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். கொழும்பில் உன் சின்ன அறையில் இருந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, இதைக் கடைசி வரைக்கும் வாசி. தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் இரண்டு பக்கம் திருத்தக் கொடுத்தால் அது பெருகித்தான் திரும்பி வரும் என்று உனக்குத் தெரியாததா?

உன் கடிதத்தில் இரண்டு பேர் மேல் முறைப்பாடு இருக்கிறது. முதலாம் பக்கம் நகரத்தில் டியூஷன் நிலையம் நடத்துகிறவரைப் பற்றியது. நீ கீறிய வாவி மீன் புத்தகத்தில் இருந்து படங்களை அப்படியே எடுத்து, ஒவ்வொரு மீனின் வாலடியிலும் நீ போட்டிருந்த கையெழுத்தைக் கம்பியூட்டரில் அழித்து, தன்னுடைய நிலையத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, பயிற்சிப் புத்தகம் என்று விற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பக்கம் நிரோசா டீச்சரைப் பற்றியது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்தப் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதியை நீதான் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதை வைத்துத் தரம் ஆறு பிள்ளைகளைக் கொண்டு புத்தகம் முழுவதையும் பார்த்துக் கீற வைத்து, சுவரெல்லாம் ஒட்டி, போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். உன் பெயரைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கிழமையில் கண்டாய், ஒரே சூட்டில் எழுதினாய். முதலாம் பக்கத்தில் எழுதிய "திருட்டு" என்ற சொல்லையே இரண்டாம் பக்கத்திலும் எழுதியிருக்கிறாய். அவள் புதிதாக நியமனம் பெற்றவள், தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. இந்தப் பக்கம் கல்வி அலுவலகத்துக்குப் போனால் விசாரணை என்று ஒன்று வரும், அது முடியும் வரைக்கும் அவளுடைய நியமனம் உறுதியாகாது, உறுதியாகாமலே போனாலும் போகும். இதை நீ யோசித்தாயோ தெரியாது. நான் யோசித்தேன், அதனால்தான் கடிதம் என் மேசையிலேயே கிடக்கிறது.

முதலாம் பக்கத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மெதுவாக்கவில்லை. சில இடத்தில் உறைப்புக் காணாது என்று கூட்டியும் விட்டிருக்கிறேன். அந்தப் படங்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். விடியும் முன்னம் மாமாவின் தோணியில் போவாய். செத்த மீனின் நிறம் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும் என்று, உயிரோடு இருப்பதை வாவித் தண்ணீர் நிறைத்த பேசினில் விட்டுப் பார்ப்பாய், குறித்துக்கொள்வாய், திரும்ப வாவியில் விடுவாய். பிடித்த மீனைத் திருப்பி விடுகிறவனை மாமா அதுவரைக்கும் கண்டதில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பின்னேரம் வீட்டில் சன்னலடியில் இருந்து மெல்லிய பேனையால் புள்ளி புள்ளியாக வைப்பாய். வெயில் சன்னலைத் தாண்டிப் போகும்போது ஒரு செட்டை முடிந்திருக்கும், சில நாளில் அதுவும் முடிந்திராது. நான் பின்னால் வந்து நிற்பேன், நீ திரும்ப மாட்டாய். கொடுவாவை முடித்த அன்று நீ எழும்பி முகம் கழுவப் போன நேரத்தில் தனியாக நின்று பார்த்தேன். கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து கொடுவா வெட்டிக் கறி வைத்த கை என்னுடையது. அந்த மீனுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை என் வயிற்றிலா பிறந்தது என்று நினைத்தேன். பிறகு கன நாளைக்கு வீட்டில் கொடுவா சமைக்கவில்லை, அப்பா கத்தரிக்காயைத் தின்று தின்று அலுத்துப்போனார்.

ஆகையால் அந்த டியூஷன்காரரை விடாதே. அந்த விஷயத்தில் நான் உன் பக்கம். ஆனால் இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது சிவப்புப் பேனை ஓடவில்லை. என்னிடம் படித்து இப்போது சட்டத்தரணியாக இருக்கும் ஒரு பிள்ளை நகரத்தில் இருக்கிறாள், உனக்கும் தெரியும், கட்டுரைப் போட்டியில் எப்போதும் எழுதி முடியாமல் மணி அடித்துவிடும் அவளுக்கு. அவளிடம் போய்க் கேட்டேன். கீறியவனுக்குக் கீறிய நேரத்தில் இருந்தே பதிப்புரிமை வந்துவிடுகிறது, எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை என்றாள். அதே சட்டத்துக்குள்ளேயே நியாயமான பயன்பாடு என்று ஒரு இடமும் விட்டிருக்கிறார்களாம். படிப்பிப்பதற்கு, ஆராய்வதற்கு, நல்லது கெட்டது சொல்வதற்கு என்று ஒருவருடைய ஆக்கத்தை மற்றவர் எடுத்தாளலாம். எதற்காக எடுத்தார்கள், இலாபத்துக்கா, எப்படிப்பட்ட ஆக்கம், அதில் எவ்வளவு எடுத்தார்கள், எடுத்ததால் அதன் விற்பனை கெடுமா என்று பார்ப்பார்களாம். இத்தனை பக்கம் வரைக்கும் சரி என்று கோடு போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அப்படி இல்லை, ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றாள். டியூஷன்காரருக்கு அதில் ஒதுங்க இடமில்லை. டீச்சருக்கு இடம் இருக்கிறது, ஆனால் முழுப் புத்தகத்தையும் எடுத்ததும் பேஸ்புக்கில் போட்டதும் வாதாட வேண்டிய விஷயம் என்றாள். நான் வெளியில் வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே யோசித்துக்கொண்டு நின்றேன். சட்டம் என்றாலே பூட்டு என்றுதான் நினைத்திருந்தேன். எங்கேயோ இருந்து அதை எழுதியவர்களுக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் ஞாபகம் வந்திருக்கிறதே என்று பெரிய ஆச்சரியமாக இருந்தது.

பிறகு நிரோசா டீச்சரைப் பார்க்கப் புறப்பட்டேன். பார்க்க என்று சொல்வது மரியாதைக்கு. ஏசத்தான் போனேன். சட்டம் விட்டாலும் நான் விடுவேனா? களுதாவளையில் இருந்து குருமண்வெளித் துறைக்குப் போய் மிதவைப் பாதையில் ஏறினேன். மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஆட்களுமாக அந்தப் பெரிய மிதவை மெதுவாக அக்கரைக்கு நகர்ந்தது. எத்தனையோ தரம் போன பயணம்தான். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன், கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. நீ கீறிய அத்தனையும் என் காலுக்குக் கீழே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, எனக்கோ ஒன்றையும் காண முடியவில்லை, நீ கண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன். பக்கத்தில் நின்ற மனுசி தலை சுற்றுகிறதா என்று கேட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏச வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

பாடசாலை வாசலிலேயே தொடங்கிவிட்டேன். அவள் உன்னைவிட இளையவள், மெலிந்த பிள்ளை, சாரியைக் குத்தத் தெரியாமல் குத்தியிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மனிதனின் பல வருட வேலையைக் கேட்காமல் எடுத்தது எப்படி, பெயரைச் சொல்ல வாய் வலித்ததா, டீச்சரே இப்படிச் செய்தால் பிள்ளைகள் எதைப் படிக்கும் என்று, பாதையில் வரிசைப்படுத்திய எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், அக்கரையில் இருந்து வெயிலுக்குள் வந்தீர்களே, தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பார்க்காமல் ஏசியது என் பிழை. தாளைப் படிக்காமல் புள்ளி போடக்கூடாது என்று எத்தனை பேருக்குச் சொன்னவள் நான்.

வகுப்பறைக்குள் போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவர் முழுக்க வெள்ளைத் தாள்கள். கூரைக்குக் கீழே இருந்து பிள்ளைகளின் தலை உயரம் வரைக்கும், வரிசை வரிசையாக, நான்கு பக்கமும். ஒன்றிலும் ஒரு கோடுகூட இல்லை. பிள்ளைகள் கதிரைகளில் அடங்கி இருந்தார்கள். மீன் எங்கே என்று கேட்டேன்.

"உங்கட மகன் அதிபருக்குப் போன் எடுத்துப் பேசினவர், டீச்சர். அதிபர் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டார். எனக்குக் கழட்ட மனம் வரல்ல. படம் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி ஒட்டியிருக்கன்."

நீ அதிபருக்குப் போன் எடுத்ததை எனக்குச் சொல்லவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஒன்றைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள், பிள்ளைகள் சிலர் எழும்பி வந்து கீழ் வரிசையைப் பிடித்தார்கள். இடது மூலையில் இருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். திருப்பிக்கொண்டே அவள் செய்த முறையைச் சொன்னாள். பாடசாலையில் போட்டோக்கொப்பி மெஷின் பழுது. இருப்பது ஒரே ஒரு புத்தகம். எல்லாப் பிள்ளைகளின் கையும் பட்டால் உன் புத்தகம் கிழிந்துவிடும் என்று பயந்து, ஒரு மீனுக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் புத்தகத்தைக் காட்டியிருக்கிறாள், அதுவும் கை கழுவிவிட்டு வந்த பிறகு. அந்தப் பிள்ளை கீறியதைப் பார்த்து அடுத்தது கீறும், அதைப் பார்த்து அதற்கு அடுத்தது. அப்படியே கை மாறிக் கை மாறி வகுப்பு முழுக்கப் போயிருக்கிறது. கீறிய ஒழுங்கிலேயே சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

கொடுவா வரிசையின் முதல் தாளில் இருந்தது உன் கொடுவா. கோடு நடுங்கியிருந்தது, புள்ளிகள் மொத்தமாக இருந்தன, ஆனால் உன்னுடையதுதான், கண்டவுடனே தெரிந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. கொஞ்சம் போகப் போக மீன் மாறத் தொடங்கியது. ஒரு தாளில் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னுக்கு வந்தது. பிறகு வயிறு பருத்தது. ஒரு பிள்ளை கண்ணைச் சுற்றிச் செம்மஞ்சள் பூசியிருந்தது, அதற்குப் பிறகு வந்த எல்லா மீனுக்கும் அந்தக் கண். இடக்கைக்காரப் பிள்ளை ஒன்று மீனை மறுபக்கம் திருப்பிவிட்டிருந்தது. அங்கே இருந்து எல்லாக் கொடுவாவும் மற்றத் திசையில் நீந்தின. வரிசை முடியும் இடத்தில் இருந்த கொடுவா வெறும் தாளில் கிடக்கவில்லை, சாதாளைப் பாசிக்கு நடுவில், ஒரு சின்ன மீனை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. விரால் வரிசையில் தாய் மீனுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் திரண்டிருந்தன. நீ விராலைத் தனியாகத்தான் கீறியிருந்தாய். கெளிற்றின் வாய்க்குள் ஒரு பிள்ளை உருண்டை உருண்டையாக முட்டை வைத்திருந்தது. என்ன இது என்று கேட்டேன். ஆண் கெளிறு முட்டையை வாயில்தான் வைத்திருக்குமாம், வலையில் பட்டால் தோணிக்குள் கக்கிவிடுமாம், தன்னுடைய அப்பா காட்டினார் என்று அந்தப் பிள்ளை சொன்னது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். நான்கு சுவரும் மீனாகிவிட்டது மகன். நீ ஒருத்தன் சன்னலடியில் இருந்து வைத்த புள்ளிகள், நீ முகம் அறியாத இத்தனை கைகளுக்குள்ளால் போய், வாவி நிறைய மீனாகித் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றன. கோயிலில் திரை விலக்கும்போது ஒரு நிமிடம் மூச்சு நிற்குமே, எனக்கு அப்படி நின்றது.

அதற்குப் பிறகுதான் வாலடியைப் பார்த்தேன். முதல் தாளில், நீ கையெழுத்துப் போடும் அதே இடத்தில், உன் கையெழுத்தின் அந்த வளைவும் கீழே இரண்டு புள்ளியும் இருந்தன. அடுத்த தாளிலும் இருந்தன. எழும்பிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. மீன் பருத்த இடத்தில் அதுவும் பருத்திருந்தது. மீன் திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பியிருந்தது. பேஸ்புக் போட்டோவில் தூரத்தில் இருந்து பார்த்தால் செதில் என்றுதான் நினைப்பார்கள். நிரோசா டீச்சரும் அதைக் கவனிக்கவில்லை என்று அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. கிட்ட நின்ற ஒரு பெண்பிள்ளையை, டிலக்சி என்று பெயர், கூப்பிட்டு, இது என்ன என்று விரல் வைத்துக் கேட்டேன்.

"அது கொடுவாட குறி, டீச்சர்."

"உங்கட அப்பா பிடிக்கிற கொடுவாவில அந்தக் குறி இருக்கா புள்ள?"

"அதில இல்ல. புத்தகத்துக் கொடுவாவுக்குத்தான் இருக்கு. அது இல்லாட்டிப் புத்தகத்துக் கொடுவா இல்லையே."

நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. உன் பெயர் என்று தெரியாமலே அதை மீனின் உடம்பில் ஒரு உறுப்பாக நினைத்து, தாடையை மாற்றியவர்களும் கண்ணை மாற்றியவர்களும் அதை மட்டும் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டியூஷன்காரர் மெஷினில் ஒரு புள்ளி பிசகாமல் எடுத்தார், ஆனால் முதல் வேலையாக அதைத்தான் அழித்தார். இது இரண்டையும் ஒரே சொல்லால் எழுத எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் போதாது.

நான் அந்தப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. அவள் பிழையை அவளிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வகுப்புக்குள் பார்த்துக் கீறியது வேறு, ஊர் பார்க்கப் பேஸ்புக்கில் போட்டது வேறு, போட்டால் யாருடைய புத்தகம் என்று சொல்லிப் போட்டிருக்க வேண்டும், முழுவதையும் எடுக்கும் முன்னம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்க நினைத்தாளாம். புத்தகம் போட்டவர் பெரிய ஆள், தான் போன் எடுத்துப் பேசினால் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாளாம். நீ பெரிய ஆளாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியில் காட்டவில்லை. அந்தப் போட்டோவை அவள் அன்றைக்கே பேஸ்புக்கில் இருந்து நீக்கிவிட்டாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்றாள், எப்படித் தொடங்குவது என்று என்னிடமே கேட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் ஒரு கடிதம் எழுதுவதே எனக்குப் பெரும் பாடாகக் கிடக்கிறது.

திரும்பி வரும்போது மிதவையில் நின்றுகொண்டு இன்னொன்றையும் நினைத்தேன். உனக்கு நாலு வயதோ ஐந்து வயதோ. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்துபோய் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். கீறுவதற்குப் பார்க்க என்று ஒன்றும் இல்லை. டின் மீனின் லேபலை உரித்து, சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதில் இருந்த மீனைக் கரித்துண்டால் கீறுவாய். நாள் முழுக்க அதே மீன். அதைப் பார்த்துக் கீறிக் கீறித்தான் உன் கைக்கு மீன் வந்தது. அந்த லேபலைக் கீறியவர் யாரென்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்காரரோ, உயிரோடு இருக்கிறாரோ. அவரிடம் நாங்கள் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அந்த நாட்களில் நானும் அந்தக் கட்டடத்தின் மரத்தடியில் வகுப்பு வைத்தேன். ஒரு பாடப்புத்தகம்தான் இருந்தது, நான் சத்தமாக வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் எழுதியெடுத்தார்கள், புத்தகம் முழுவதையும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் இன்றைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தை எனக்கு விளங்கப்படுத்துகிறாள். நான் இதைச் சொல்வது உன் உரிமை பெரிதல்ல என்று காட்டுவதற்கு இல்லை. உரிமை உன்னுடையது, ஒருவரும் அதில் கை வைக்க முடியாது, வைத்தால் அம்மாவும் வந்து நிற்பேன். ஆனால் உன்னுடையது என்றால் பூட்டவும் உனக்கு முடியும், திறந்துவிடவும் உனக்கு முடியும். அந்த டியூஷன்காரரால் திறந்துவிட முடியாது, அவரிடம் இருப்பது அவருடையது இல்லையே. இந்த அதிகாரம் உன் கையில் இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

முதலாம் பக்கத்தைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பிழையும் இல்லை, உடனே அனுப்பு. இரண்டாம் பக்கத்தில் நான் பேனை வைக்கவில்லை. வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. நீ தந்தபடியே திருப்பி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நான் கிழித்துப்போட்டிருக்கலாம், நீயும் அம்மா கிழித்துவிட்டா என்று சொல்லித் தப்பியிருப்பாய். அந்த வேலை உனக்கு இலேசாகிவிடக்கூடாது.

நான் புறப்படுகிற நேரம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. மணி அடிக்கப் போகிறது என்று நிரோசா டீச்சர் திரும்பவும் கதிரையில் ஏறினாள். திருப்பிய தாள்களை எல்லாம் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பத் தொடங்கினாள். ஏன், நான் பார்த்துவிட்டேனே, இருக்கட்டுமே என்றேன். நீங்கள் சொன்னால் போதாது டீச்சர், கீறியவர் சொல்லவில்லையே என்றாள். அவள் சொன்னது சரி. பிள்ளைகள் தங்கள் தங்கள் மீனைத் தாங்களே திருப்பினார்கள். கொடுவா போனது, விரால் குஞ்சுகள் போயின, கெளிறு முட்டையோடு போனது. திரும்பவும் நான்கு சுவரும் வெள்ளையாகிவிட்டது. டிலக்சிதான் கடைசி. தாளைத் திருப்பி, அதன் நான்கு மூலையையும் கையால் அழுத்திவிட்டு, என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், அப்ப நாங்க இனி மீன் கீறப்படாதா?"

எத்தனையோ வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும், சரியோ பிழையோ சொல்லிவிடுவேன். அன்றைக்கு அவள் கேட்டதற்குப் பதில் என்னுடையது இல்லை. என்னுடைய மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்த் தன்னுடைய கதிரையில் இருந்தாள், வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

கேட்கிறேன் மகன். அந்தப் பிள்ளைகள் மீன் கீறலாமா?

அம்மா